ஐந்து வாய் தாண்டி வந்த கிளாஸ்

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் பங்கில் பீடத்துக்குப் பூ வைக்கிற செலஸ்தீனா அக்கா. இந்தத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து பலெர்மோ கோயில் படியில் பஸ்ஸுக்கு நிற்கையில் சொன்னா. அவவுக்குச் சொன்னது அமலோற்பவம்தான், தன் வாயால். அமலோற்பவம் குருநகர்ப் பிள்ளை. கலியாணம் முடித்த கையோடு சிசிலிக்கு வந்து, வயது போன ஆட்களைப் பார்க்கிற வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். மூத்தவன் லண்டனில் குடும்பமாகி விட்டான். இளையவள் ஸ்ரெலா ஒரு தீவுக்காரப் பெடியனை விரும்பினாள், சல்வோ என்று பெயர். திராப்பானியில் கப்பல் ஏறிப் போக வேண்டிய சின்னத் தீவு அது. கறுப்புக் கல்லும் காற்றும்தான். நாங்கள் முந்திரிகை என்கிற திராட்சையை அங்கே குழி தோண்டி அதற்குள் குந்த வைத்துத்தான் வளர்க்கிறார்களாம், எழும்பி நின்றால் காற்றுப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அந்த மண்ணுக்கே சொந்தமான பழம், சிபிப்போ என்று பெயர். அதை வெயிலில் காய வைத்து வைன் செய்கிற குடும்பம் சல்வோவுடையது. ஆரோக்கியமாதா திருநாள் கழிந்த கிழமை, சம்பந்தம் கதைக்கவென்று தாயும் மகளும் அங்கே போயிருந்தார்கள். நான் சொல்லப் போவது அங்கே ஒரு பின்னேரம் முற்றத்தில் ஒரு கிளாஸ் கைமாறிய நேரத்தைப் பற்றி மட்டும்தான்.

சல்வோவின் தாத்தா வீத்தோ பீப்பாவின் கட்டையை இழுத்தபோதே அமலோற்பவத்துக்குச் சீ என்று வாயில் வந்தது, வந்ததை யேசு மரி சூசையே என்று பல்லுக்குள்ளேயே அமத்தினாள், முகம் சுளிக்கக்கூடாது, முகம் மட்டும் சுளிக்காதேங்கோ அம்மா என்று ஸ்ரெலா விடிய எழும்பினதிலிருந்து சொன்னவள், தலை வாரி இழுக்கும்போது சொன்னவள், செருப்புக் கொழுவும்போது சொன்னவள், பழம் ஆய்கிற நேரம் முழுக்கப் பக்கத்தில் குந்தியிருந்து தமிழில் முணுமுணுத்தவள், வாய் வைச்சுக் குடியுங்கோ, அண்ணாந்து ஊத்தாதேங்கோ, ஒரு மிடறுதானே, செத்துப் போக மாட்டியள். இந்த வீட்டு வழக்கம் அப்படி. காய்ந்த பழத்தைப் புதுச் சாற்றுக்குள் கொட்டி முடித்த அன்று, போன வருடத்து வைனில் ஒரே ஒரு கிளாஸ் எடுத்து, பழத்தில் கை வைத்த எல்லாரும் வரிசையாக அதில் வாய் வைக்க வேண்டும், வேறு கிளாஸ் கேட்கக்கூடாது, கடைசியில் வீட்டுக்குப் புதிதாய் வருகிறவள் குடித்து முடித்துக் கிளாஸை மண்ணில் கவிழ்க்க வேண்டும், கவிழ்த்தால் அவள் அந்த வீட்டுக்காரி. அதுதான் அவர்களுக்கு நிச்சயதார்த்தம், மோதிரம் எல்லாம் பிறகு. ஸ்ரெலா கடைசி. அவளுக்கு முன்னால் அவளைப் பெற்றவள். நல்ல மரியாதைதான், மரியாதை என்று சொல்லிக்கொண்டு என் தொண்டைக்குள் ஊத்தப் போகினம், என்று நினைத்தாள் அமலோற்பவம். முந்தநாள் மத்தியானச் சாப்பாட்டில்தான் எல்லாம் பிழைத்தது. மேசையில் தண்ணீருக்கென்று பெரிய மண்கூசா ஒன்று, பக்கத்தில் ஒரு கிளாஸ், ஆள் மாறி ஆள் அதில்தான் குடித்தார்கள், இவளும் தாகத்தில் ஒன்றும் யோசிக்காமல் எடுத்து அண்ணாந்து, சொண்டில் படாமல், கடகடவென்று ஊற்றினாள். சல்வோவின் மாமன் பெப்பே மேசையில் தட்டிச் சிரித்தான். "பாருங்கோ, கோழி தண்ணி குடிக்குது!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள், சல்வோவின் தாய் நுன்சியா மட்டும் சிரிக்கவில்லை, எழும்பிப் போய் இவளுக்கென்று தனியாக ஒரு கிளாஸ் கொண்டுவந்து வைத்தாள், டொக் என்று. பிறகு குசினிக்குள் மகனிடம் சொன்னது ஸ்ரெலாவின் காதில் விழுந்தது: "எங்கடை கிளாஸிலை வாய் வைக்க அருவருக்கிற ஆக்களோடை நான் எப்பிடியடா சம்பந்தம் வைக்கிறது?" ஸ்ரெலா அன்றைக்கு அழுத அழுகை. "அம்மா, அந்தக் கிளாஸ் வரேக்கை நீங்கள் ஒழுங்காக் குடிக்காட்டி எனக்கு இஞ்சை இடமில்லை, விளங்குதோ?" விளங்குது பிள்ளை. விளங்காமல் என்ன.

கிளாஸ் நிறைந்தது. சின்னக் கிளாஸ், தடித்த கண்ணாடி, உள்ளே நல்லெண்ணெய் மாதிரி மஞ்சள். வீத்தோ அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார், நாக்கால் மேல் பொய்ப்பல்லுக்கட்டை ஒருக்கால் தள்ளி இறுக்கினார், அது கிளிக் என்று இருந்த இடத்தில் இருந்தது, கடைவாயில் வெள்ளையாக ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது, பிறகு வாயை வைத்தார். உறிஞ்சினார். கிளாஸ் விளிம்பில் நூல் மாதிரி ஒன்று இழுபட்டு அறுந்தது. மாதாவே. அமலோற்பவம் பார்வையைத் திருப்பி நிலத்தைப் பார்த்தாள், நிலத்தில் காலமை முழுக்க ஆய்ந்து எறிந்த காம்புகள், காம்புகளில் குளவி. காலமையிலிருந்து இந்தக் கையால் எத்தனை பழம் பிடுங்கியிருப்பாள், வெயிலில் கிடந்து சுருங்கி, மண்ணிறமாய், உள்ளே பிசின், நாயின் காதுமடலில் இரத்தம் குடித்துக் கொழுத்துத் தொங்குமே உண்ணி, அப்படியேதான், விரலால் நசுக்கினால் வெடிக்கும் உண்ணி, அதை ஒவ்வொன்றாய்க் காம்பிலிருந்து கழற்றிக் கூடைக்குள் போட்டு, கூடையைத் தூக்கிப் புதுச் சாறு நிற்கிற தொட்டிக்குள் கொட்டி. தொட்டி என்றால் தொட்டியா அது, உள்ளே இருந்து மூச்சு விடுகிறது, புளித்த பழங்கஞ்சியும் நனைந்த நாயும் ஒன்றாய் மணந்தால் எப்படி, அப்படி, மேலே நுரை, நுரைக்குள் கொப்புளம், கொப்புளம் ஒவ்வொன்றும் வெடிக்கிற சத்தம் நோயாளி வாய் கொப்பளிக்கிற சத்தம். மத்தியானம் அதற்குள் ஒரு பல்லி மிதந்தது. பெப்பே வெறுங்கையை முழங்கை வரைக்கும் விட்டு, கையில் இருக்கிற மயிரெல்லாம் சாற்றில் அலைய, பல்லியை வாலில் பிடித்து எடுத்து மதிலுக்கு அங்காலே எறிந்தான். "பாவம், வெறியிலை செத்தது, சந்தோசமாப் போயிருக்கும்" என்றான். எறிந்த கையை உதறினான், உதறின துளி அமலோற்பவத்தின் கன்னத்தில் பட்டது. கழுவினாள், சவர்க்காரம் போட்டுக் கழுவினாள், இன்னும் அந்த இடத்தில் ஒரு நாக்கு ஒட்டியிருக்கிற மாதிரி. இப்போது கிளாஸ் பெப்பேயின் கையில். மீசை. மத்தியானம் நெத்தலிக் கருவாட்டை எண்ணெயில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்ட மீசை, எண்ணெய் இன்னும் மினுங்குது, மீசை நுனி வைனுக்குள் போய்த் தோய்ந்து வெளியில் வந்தது, மேலே ஒரு எண்ணெய்ப் பொட்டு மிதக்கும், இஞ்சையிருந்து தெரியாது, ஆனால் மிதக்கும்.

அடுத்தது ரொசீனா, வீத்தோவின் தங்கை, கலியாணம் கட்டாமல் இருந்து இந்த வீட்டிலேயே முடி நரைத்தவ, நல்ல மனிசி, காலமை இவளுக்கென்று ஒரு தலையணையைக் கொண்டுவந்து கல்லில் போட்டு "இதிலை இருங்கோ சிஞ்ஞோரா, கல்லுக் குத்தும்" என்று சொன்ன மனிசி, ஆனால் அவவின் கீழ்ச் சொண்டில் ஒரு கொப்புளம், உடைந்து நீர் கசிந்து, அதைச் சுற்றிச் சிவப்பு. அந்தச் சொண்டை எங்கே வைக்கப் போறா, வைத்தா, சரியாய் எங்களுக்கு நேரே இருக்கிற பக்கத்தில் வைத்தா. ஆண்டவரே, நீரும் ஒரே கிண்ணத்தைத்தானே கொடுத்தீர். பன்னிரண்டு பேர். மீன் பிடிக்கிறவர்கள், ஆயக்காரன், தாடியும் மீசையுமாய், அன்றைக்கு ஆட்டிறைச்சி தின்ற வாயோடு. குருநகர்க் கரையில் வலை இழுத்துவிட்டு வருகிற ஆம்பிளைகளை நினைத்தாள், அவர்கள் பன்னிரண்டு பேர் ஒரு கிண்ணத்தில். அதில் யூதாசும் இருந்தானே. அவன் எத்தனையாவது? யூதாசுக்குப் பிறகு குடித்தது யார்? ஒரு சுவாமியாரும் அதைப் பிரசங்கத்தில் சொன்னதில்லை. யோவானாய் இருக்குமோ. பாவம், சின்னப் பிள்ளை. அவனுக்குக் குமட்டியிருக்காதோ, இல்லை, அவனுக்கு அப்போது யூதாசைப் பற்றித் தெரியாது, தெரியாமல் குடித்தால் குமட்டாது, தெரிந்தவளுக்குத்தான் குமட்டும், நான் ஏன் எல்லாவற்றையும் பார்க்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு இருக்கலாம், ஆனால் கண்ணை மூடினால் ஸ்ரெலா பார்ப்பாள். சாத்தான் என்னை இந்தக் கிளாஸை வைத்துச் சோதிக்கிறான், இல்லை, இதுக்குப் போய்ச் சாத்தான் வருவானோ, அவனுக்கு வேறை வேலை இல்லையோ. இருபத்தைந்து வருடமாய் மற்றவர்களின் அழுக்கு எடுத்தவள் அவள். பலெர்மோவில் அவள் பார்த்த கிழவிகளின் பல்லுக்கட்டை இந்தக் கையால்தான் கழற்றி, சோறும் சளியும் போகத் தேய்த்துக் கழுவி, திரும்பப் பூட்டி விட்டவள். மலம் அள்ளினவள். ஒருநாளும் ஓங்காளித்தது இல்லை, தேவமாதாவின் தாய்க்குச் செய்கிற மாதிரிச் செய்தவள். கைக்கு ஒரு சட்டம், வாய்க்கு ஒரு சட்டம். கையைக் கழுவலாம். வாய்க்குள் போனதை என்ன செய்கிறது? இதை நுன்சியாவுக்கு எந்தப் பாஷையில் விளங்கப்படுத்துகிறது, உன்னில் அருவருப்பு இல்லை அம்மா, என் அப்பு குடிச்ச பேணியிலும் நான் குடிச்சதில்லை, கட்டின மனிசனின் தேத்தண்ணிக் கோப்பையிலும் ஒரு வாய் குடிச்சதில்லை, எங்களுக்கு எச்சில் எண்டு ஒண்டு இருக்கு, உங்கடை பாஷையிலை அதுக்குத் துப்பல் எண்டுதான் வருகுது, அது இல்லை இது. அந்த மனிசன் வேலையால் வர முடியாமல் பலெர்மோவில் நின்றுகொண்டு போனில் சிரிக்குது, "என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தா கிளாஸே தேவையில்லை, பீப்பாவிலை வாயை வைச்சிருப்பன், ஸ்ரெலாவுக்கு அண்டைக்கே கலியாணமும் முடிஞ்சிருக்கும்." சிரிக்கட்டும். அவருக்கு நாக்கு மட்டும்தான் இருக்கு, தொண்டை எனக்கு.

சல்வோ வாங்கினான். நல்ல பெடியன், குறை சொல்ல ஒன்றுமில்லை, கோயிலுக்குப் போகிறவன், இவளை மம்மா என்று கூப்பிடுகிறவன், ஆனால் காலமை அந்தச் சொறி நாயின் மூக்கில் கொஞ்சினான், மூக்கில், ஈர மூக்கில், கொஞ்சின வாயோடு வந்து ஸ்ரெலாவையும் கொஞ்சினான், வாயில், எல்லாருக்கும் முன்னாலே, ஸ்ரெலாவும் சிரித்துக்கொண்டு. அப்படியென்றால் ஸ்ரெலாவின் வாயில் நாய். இந்த நினைப்பு எங்கேயிருந்து வந்தது, சீ, என்ன நினைப்பு இது, பெத்த பிள்ளையை. அவள் மென்று துப்பின சோற்றை நான் தின்றிருக்கிறேன். காய்ச்சல் கண்டு கிடக்கையில் அவள் குடித்து மிச்சம் விட்ட கஞ்சியைக் கீழே ஊற்ற மனமில்லாமல் குடித்திருக்கிறேன், பிள்ளையின் எச்சில் எச்சிலே இல்லை. அப்போது இல்லை. இப்போது? இப்போது அந்த வாய் யாருடைய வாய், எப்போது அது என் பிள்ளையின் வாயாய் இல்லாமல் போனது, ஒரு நாள் இருந்திருக்கும், எனக்கு அறிவிக்காமல் ஒரு நாள் போயிருக்கும். நுன்சியா கிளாஸை வாங்கினாள். துப்புரவான மனிசி, வீடு கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறவள், ஆனால் பெருவிரலை நக்கி அந்த ஈரத்தால் மகனின் முகத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டுக் கிளாஸைப் பிடித்தாள், சிவப்புச் சொண்டு மை, கொப்புளம் பட்ட அதே இடத்தில் மை பிறைநிலா மாதிரிப் பதிந்தது. குடித்தாள். இவளுக்கு நேரே நீட்டினாள். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நீட்டினாள். கிளாஸ் சூடாய் இருந்தது. வெயில் சூடா, ஐந்து பேரின் கைச்சூடா, வாய்ச்சூடா. மையும் இல்லாமல், மீசை பட்ட பக்கமும் இல்லாமல், ஒரு விரல் அகலம் இடம் கிடைக்குமோ என்று கிளாஸை மெல்லத் திருப்பப் பார்த்தாள், ஸ்ரெலா முழங்கையால் இடித்தாள், திருப்பவில்லை. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினாள், அடுத்த சொல் வரவில்லை, வாழ்நாள் முழுக்கச் சொன்ன செபம், வரவில்லை. மையின் மேலேயே சொண்டை வைத்தாள். மை வழுக்கியது. சரித்தாள். உள்ளே வந்தது. இனிப்பு. இளஞ்சூட்டில், பனையில் எடுத்த கருப்பநீரைக் காய்ச்சிப் பாணியாய் இறக்கின மாதிரி ஒரு இனிப்பு, நாக்குக்குப் பிடித்துவிட்டது, அவளைக் கேட்காமல் நாக்குக்குப் பிடித்துவிட்டது, அதுதான் எல்லாவற்றிலும் பெரிய அருவருப்பு, சீ என்ன நாக்கு இது. விழுங்கவில்லை. கன்னத்துக்குள் ஒதுக்கினாள். இப்படியே வைத்திருந்து, எல்லாரும் கை தட்டி முடிய, கக்கூசுக்குப் போகிற சாட்டில் மதிலுக்குப் பின்னாலே போய்த் துப்பிவிடலாம், ஆண்டவரே மன்னியும், பிள்ளைக்காகத்தான் வாயை வைத்தேன், விழுங்குகிறதாய் ஒருத்தருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. நுன்சியாவின் முகம் இளகியது. உண்மையாய் இளகியது, கண்ணில் தண்ணீர் கூட வந்தது. "பிறாவா, கெட்டிக்காரி" என்று இவளின் தோளைப் பிடித்து அமர்த்தினாள். முடிந்தது. இவ்வளவுதான். கன்னம் வீங்கித் தெரியுதோ.

கிளாஸை ஸ்ரெலாவிடம் கொடுத்தாள். ஸ்ரெலா இடது கையால் வாங்கினாள். வலது கைப் பெருவிரலால், சட்டைக் கைநுனியைப் பிடித்து இழுத்து, கிளாஸின் விளிம்பை ஒரு சுற்றுத் துடைத்தாள். யோசித்துச் செய்தவளாய்த் தெரியவில்லை, பல் தீட்டுகிற மாதிரி, சிலுவை போடுகிற மாதிரி, கை தானாய்ச் செய்தது. துடைத்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. எல்லாரும் பார்த்தார்கள். ஐந்து பேர் வாய் வைத்துத் துடைக்காமல் வந்த கிளாஸ். போச்சு, எல்லாம் போச்சு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது நான்தானே பழக்கினேன், யாரும் தண்ணிப் போத்தலைக் கேட்டால் கொடு, வாங்கினால் துடைச்சிட்டுக் குடி, எங்கடை பிள்ளையள் துடைச்சிட்டுத்தான் குடிக்கும் என்று, என்னால்தான், என் பழக்கத்தால்தான் என் பிள்ளை இப்போது, என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கையிலேயே வீத்தோ பல்லுக்கட்டு வெளியில் வருகிற மாதிரிச் சிரித்தார், தொடையில் அடித்துச் சிரித்தார். "பார்த்தியே நுன்சியா! எங்கள் ஐஞ்சு பேரின்ரை வாயும் அவளுக்குக் காரியமில்லை. பெத்த தாயின்ரை வாயைத்தான் துடைச்சிட்டாள்! இவள் எங்கடை பெட்டைதான், இதுக்கு மேலை என்ன சாட்சி வேணும்?" பெப்பே விசில் அடித்தான். ரொசீனா, "சும்மா இரண்ணா, அந்த மனிசிக்கு மனம் நோகும்" என்று சொல்லிக்கொண்டே தானும் சிரித்தா. நுன்சியா சிரித்தாள், முந்தநாள் சிரிக்காத நுன்சியா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஸ்ரெலா ஒரு கணம் தாயைப் பார்த்தாள். ஒரே ஒரு கணம். இல்லை தாத்தா, அப்பிடி இல்லை, இது எங்கடை வீட்டுப் பழக்கம், யார் குடிச்சிருந்தாலும் துடைச்சிருப்பன் என்று சொல்லலாம், அவளுக்குத்தான் அந்தத் தீவுப் பாஷை தண்ணீர் மாதிரி வரும். சொல்லவில்லை. சொன்னால் ஐந்து வாயையும் துடைத்ததாய் ஆகிவிடும். அவள் மற்றப் பக்கம் திரும்பி அவர்களோடு சேர்ந்து சிரித்தாள், முதலில் சின்னதாய், பிறகு உண்மையாகவே, பிறகு வாய் வைத்து மிச்சம் முழுவதையும் குடித்து, கறுப்பு மண்ணில் கிளாஸைக் கவிழ்த்தாள். கை தட்டினார்கள். கை தானாய்ச் செய்ததா, இல்லை தாயின் மிடறுக்குப் பிறகு என்று தெரிந்து செய்ததா, கைதான், கையாய்த்தான் இருக்கும், ஆனால் சிரித்தது கை இல்லையே, என்று அமலோற்பவம் அந்த ஒரு இடத்திலேயே சுற்றிச் சுற்றி நின்றாள், நுன்சியாவின் எச்சிலிலும் ரொசீனாவின் புண்ணிலும் பெப்பேயின் மீசையிலும் அருவருக்காத என் பிள்ளைக்கு என் வாயில், என்று அதற்கு மேலே போக முடியாமல், திரும்பத் தொடங்கி, திரும்ப அங்கேயே முட்டி. சல்வோ வந்து மம்மா என்று கட்டிப் பிடித்தான். அவன் இறுக்கின இறுக்கில்தான் அவளுக்குத் தெரிந்தது, கன்னத்துக்குள் ஒன்றும் இல்லை. மதிலுக்குப் பின்னாலே கொண்டுபோய்த் துப்பவென்று வைத்திருந்தது அவ்வளவையும் எப்போதோ விழுங்கிவிட்டிருந்தாள்.

கலியாணம் உயிர்ப்புத் திருநாள் கழிய அந்தத் தீவிலேயே நடக்கப் போகிறது. அமலோற்பவம் போவாள், சேலையும் எடுத்துவிட்டாளாம். இதைக் கேட்டுக்கொண்டிருந்த நீங்கள் இன்றைக்குப் படுக்கப் போகுமுன் அவளுக்காக ஒரேயொரு அருள் நிறைந்த மரியே மட்டும் சொல்லிவிடுங்கோ.